கிட்னி நோயில தசை கரையுதா? சோடா மாத்திரை, காய்கறி-பழம், புரோட்டீன் குறைப்பு: எதை எப்போ எடுக்கறது

கிட்னி வீக்குன்னு டாக்டர் சொன்ன உடனே எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "புரோட்டீன் எவ்வளவு சாப்பிடலாம்"ங்கறதுதான், அடுத்தது "கிரியேட்டினின எப்படி இறக்கறது" (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு அது, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும்). ரத்த ரிப்போர்ட்ல பைகார்பனேட்னு (ரத்தத்துல அமிலத்த சமன் பண்ற காரம்) ஒரு வரி இருக்கும், சில லேப்ல அதையே டோட்டல் சிஓ2-ன்னு போட்டிருப்பாங்க, அந்த வரி பக்கம் யார் கண்ணும் போறதே இல்ல. ஆனா கை கால் தசை கரையற விஷயத்துல அந்த ஒரு நம்பருக்கு பெரிய பங்கு உண்டு. லிட்டருக்கு 22 மில்லிமோலுக்கு கீழ அது தங்கிடுச்சுன்னா உடம்புல அமிலம் தேங்க ஆரம்பிச்சிருக்குன்னு பொதுவா எடுத்துக்கறாங்க. அப்போ முன்னாடி நாலஞ்சு வழி இருக்கு, ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்வாங்க, எது யாருக்கு சரிப்படும்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம்.

முதல்ல இந்த அமிலம் எங்கேருந்து வருதுன்னு தெரியணும், இல்லன்னா எந்த வழி எதுக்குன்னு புரியாது. நாம சாப்பிடற புரோட்டீன்ல மெத்தியோனின், சிஸ்டீன்னு கந்தகம் இருக்கற அமினோ அமிலங்கள் இருக்கு, அது உடைஞ்சு எரியும்போது கந்தக அமிலம் உண்டாகும். வழக்கமான சாப்பாட்டுல ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு மில்லி ஈக்விவலன்ட் (அமிலம், காரத்த அளக்கற அலகு), அதாவது 60 கிலோ ஆளுக்கு தினமும் 60 மில்லி ஈக்விவலன்ட் அமிலம் சேரும்னு வெச்சுக்கலாம். நல்ல கிட்னி அம்மோனியா தயார் பண்ணி அதோட இந்த அமிலத்த கட்டி சிறுநீர்ல தள்ளிடும். கிட்னிக்குள்ள இருக்கற நெஃப்ரான்ங்கற சின்ன வடிகட்டிகளோட எண்ணிக்கை குறைய குறைய அந்த அம்மோனியா தயாரிப்பு படுத்துடும், உள்ள வர்றது அதேதான், வெளிய போறது மட்டும் குறையுது, மிச்சம் தினம் கொஞ்சம் கொஞ்சமா தேங்குது.

இதுல தசை எப்படி மாட்டுதுன்னா, அம்மோனியா பண்ண குளூட்டமின்ங்கற அமினோ அமிலம் வேணும், அந்த குளூட்டமினோட பெரிய கையிருப்பு தசையிலதான் இருக்கு. ரத்தத்தோட பிஎச் (அமில-கார அளவு) கெடாம காப்பாத்தறதுக்காக உடம்பு வீட்டுச் செலவுக்கு நகைய ஒவ்வொண்ணா விக்கற மாதிரி தசைய உடைச்சு குடுத்துக்கிட்டே இருக்கும் (எலும்புலேருந்தும் காரத்த உருவிக்கும், அது தனி கதை). அதனால பிஎச் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும் உள்ள பாதிப்பு இல்லன்னு சொல்ல முடியாது.

1986-ல கிட்னி ஆராய்ச்சியாளர் வில்லியம் மிட்ச் குழு எலிகள்ல இத தெளிவா காட்டினாங்க. அமிலம் ஏத்தின எலியோட தசையில புரோட்டீன் சிதைவு கூடிச்சு, ஆனா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் சுரக்கற அட்ரினல் சுரப்பிய எடுத்துட்ட எலியில கூடல, அதுக்கு வெளியேருந்து ஸ்டீராய்டு ஹார்மோன் குடுத்தா மறுபடி கூடிச்சு. அப்போ அமிலம் தனியா வேலை பண்ணல, உடம்போட ஸ்ட்ரெஸ் ஹார்மோன துணைக்கு வெச்சுக்கிட்டுதான் பண்ணுது. 90-கள்ல இதுக்கான மெஷினரியும் பிடிபட்டுச்சு: உடைக்க வேண்டிய புரோட்டீனுக்கு யுபிக்விட்டின்னு ஒரு சின்ன டேக் மாட்டி, புரோட்டியசோம்ங்கற அரவை இயந்திரத்துக்குள்ள தள்ளற சிஸ்டம். பிணைஞ்சு கிடக்கற தசை நார அது நேரா அரைக்காது, முன்னாடி காஸ்பேஸ்-3ங்கற என்சைம் வெட்டி துண்டாக்கி குடுக்கணும். அமிலம் இன்சுலினோட சிக்னலையும் மந்தமாக்குது, தசைக்கு முக்கியமான கிளை அமினோ அமிலங்கள (லூசின் வகையறா) எரிக்கற என்சைமையும் முடுக்கி விடுது. ஆரோக்கியமான ஆட்களுக்கு அம்மோனியம் குளோரைடு குடுத்து கொஞ்ச நாள் அமிலம் ஏத்தி பாத்ததுல கல்லீரல் ஆல்புமின்ங்கற ரத்தப் புரோட்டீன தயாரிக்கறதும் இறங்கிச்சு. கிட்னி நோயாளிகளுக்கு பைகார்பனேட் குடுத்து அமிலத்த சரி பண்ணினா புரோட்டீன் சிதைவு குறையுதுன்னும் 90-கள்லயே அளந்து காட்டிட்டாங்க.

70 கிலோ ஆளோட உடம்புல தினம் 280 கிராம் அளவுக்கு புரோட்டீன் உடைஞ்சு திரும்ப கட்டப்படுது. இவ்வளவு பெரிய வரவு செலவுல உடையற பக்கம் ரெண்டு மூணு சதவீதம் கூடினாலும் ஒரு வாரத்துல எதுவும் தெரியாது, ஒரு வருஷத்துல பேன்ட் இடுப்புல நிக்காது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒண்ணும் பண்ணாம இருக்கறதும் ஒரு வழிதான், அத கிண்டலா சொல்லல. கேடிஐஜிஓங்கற சர்வதேச கிட்னி அமைப்பு 2012 கைடுலைன்ல 22-க்கு கீழ போனா வாய்வழி பைகார்பனேட் குடுக்கலாம்னு சொல்லிச்சு, 2024 கைடுலைன்ல அந்த வேகத்த குறைச்சுக்கிட்டு, 18-க்கு கீழ இறங்காம தடுக்கற மாதிரி சிகிச்சைய யோசிங்கன்னு மாத்திடுச்சு. அதனால 21-ல இருக்கறவருக்கு ஒரு டாக்டர் மாத்திரை எழுதறதும் இன்னொருத்தர் எழுதாம விடறதும் ரெண்டுமே தப்பு இல்ல. ஆனா என் கருத்து இது: 21 இருந்தும் தசை நல்லா இருக்குன்னா காத்திருந்து பாக்கலாம், 21 இருக்கு கூடவே எடையும் கைப்பிடி பலமும் இறங்குதுன்னா அது காத்திருக்கற கேஸ் இல்ல. நம்பர மட்டும் பாத்து முடிவு பண்றதுதான் இங்க நடக்கற பெரிய குளறுபடி.

சோடியம் பைகார்பனேட் மாத்திரைதான் அதிகம் பேர் எடுக்கறது. விலை கம்மி, வேலை செய்யும், ரெண்டு மூணு வாரத்துலயே நம்பர் நகரும், பொட்டாசியம் மேல இருக்கறவங்களுக்கு அதையும் கொஞ்சம் இறக்கும். இதுக்கு பெரிய ஆதரவு 2009-ல லண்டன்ல நடந்த ஆய்வு, பைகார்பனேட் 16-லேருந்து 20 வரைக்கும் இருந்த 134 பேர ரெண்டு வருஷம் பாத்தாங்க, மாத்திரை எடுத்தவங்கள்ல கிட்னி வேகமா கெட்டது 9 சதவீதம், எடுக்காதவங்கள்ல 45. மேல்கை நடுப்பகுதி தசைச் சுற்றளவு, ஆல்புமின் இதெல்லாமும் மாத்திரை எடுத்தவங்களுக்கு நல்லா இருந்துச்சு. இத படிச்சதும் எல்லாருக்கும் குடுத்துடலாமேன்னு தோணும், ஆனா அந்த ஆய்வுல மறு பக்கத்துக்கு டம்மி மாத்திரை குடுக்கல, அத ஞாபகத்துல வெச்சுக்கணும்.

2020-ல பிரிட்டன்லேருந்து பைகார்ப்ங்கற ஆய்வு வந்துச்சு, 60 வயசு தாண்டின 300 பேர், பாதிப்பேருக்கு டம்மி மாத்திரை. நடை வேகம், நாற்காலிலேருந்து எழறது, பேலன்ஸ் மூணையும் சேத்து அளக்கற டெஸ்ட்ல ஒரு வருஷம் கழிச்சும் வித்தியாசம் இல்ல, தொந்தரவுகள் மட்டும் மாத்திரை பக்கம் கூடுதல். ரெண்டு ஆய்வும் முட்டுதேன்னு தோணும், எனக்கு அப்படி படல. முதல் ஆய்வுல இருந்தவங்களுக்கு அமிலம் ஜாஸ்தி, நம்பரும் நல்லா ஏறிச்சு, ரெண்டாவதுல வயசு சராசரி 74, பைகார்பனேட் பெருசா ஏறவும் இல்ல. அதுக்கு மேல, வயசானவங்களுக்கு தசை போறதுக்கு அமிலம் மட்டுமா காரணம்? இன்ஃப்ளமேஷன் (உடம்புக்குள்ள அழற்சி), பசி இல்லாம அரை வயிறா சாப்பிடறது, நாள் பூரா உக்காந்தே இருக்கறது, இன்சுலின் எடுபடாதது எல்லாம் சேந்துதான். அமிலத்த எடுத்துட்டா உடைக்கற பக்கம் ஒரு கை குறையும், கட்டற பக்கம் தானா வேலைய ஆரம்பிச்சிடாது.

மாத்திரையோட கஷ்டம் சோடியம். கணக்கு போட்டு பாருங்க: 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணுல சுமார் 6 மில்லி ஈக்விவலன்ட் பைகார்பனேட், கூடவே 137 மில்லிகிராம் சோடியம். தினம் ஆறு மாத்திரைன்னா சோடியம் மட்டும் 820-க்கு மேல, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு சொல்ற 2000-ல ஐந்துல ரெண்டு பங்கு மாத்திரையிலயே போயிடுச்சு. சாப்பாட்டு உப்பு மாதிரி குளோரைடோட வர்ற சோடியம் அளவுக்கு பைகார்பனேட்டோட வர்ற சோடியம் பிரஷர ஏத்தாதுன்னு பழைய ஆய்வுகள் இருக்கு, அது ஒரு ஆறுதல், ஆனா ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்களும் கால் வீக்கம் இருக்கறவங்களும் அத நம்பி அசட்டையா இருக்கக்கூடாது. ஏப்பம், வயிறு உப்பறது ரெண்டும் சாதாரணமா வரும், ஒரே தடவை விழுங்காம பிரிச்சு எடுத்தா கொஞ்சம் அடங்கும். சமையல் சோடாவும் அதே சரக்குதானேன்னு ஸ்பூன் கணக்குல போடறவங்க இருக்காங்க, ஒரு டீஸ்பூன்லயே 60 மில்லி ஈக்விவலன்ட் கிட்ட வந்துடும், அதாவது பத்து மாத்திரை ஒரே மடக்குல. ஸ்பூன் கொஞ்சம் கூம்பினா போச்சு, தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம்.

காய்கறி-பழம் வழி எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆனா எல்லாருக்கும் கிடையாது. காய்லயும் பழத்துலயும் பொட்டாசியம் சிட்ரேட், மாலேட் மாதிரி உப்புகளா இருக்கு, உடம்புக்குள்ள எரிஞ்சதும் அது பைகார்பனேட்டா மாறிடும். எலுமிச்சை புளிப்பா இருக்கேன்னு கிட்னிக்காரங்க பயப்படறாங்க, நாக்குல புளிக்கறதுக்கும் உடம்புல அமிலம் சேர்றதுக்கும் சம்பந்தமே இல்ல, எலுமிச்சை கார பக்கம்தான். சீஸ், இறைச்சி, முட்டை மஞ்சள் கரு இதெல்லாம் புளிக்காது, ஆனா அமிலச் சுமைய ஏத்தற கோஷ்டி. தானியம் கொஞ்சமா ஏத்தும், பால் ஏறக்குறைய நடுநிலை.

2013-ல டெக்சாஸ்ல கிட்னி நோயோட நாலாம் ஸ்டேஜ்ல இருந்த 71 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் பைகார்பனேட் மாத்திரை, இன்னொரு பக்கம் சாப்பாட்டோட அமிலச் சுமைய பாதியாக்கற அளவுக்கு காய்கறி-பழம்னு ஒரு வருஷம் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் பைகார்பனேட் ஏறிச்சு, மாத்திரை பக்கம் கொஞ்சம் கூடுதலா, ஆனா எடையும் மேல் பிரஷரும் குறைஞ்சது காய்கறி பக்கம்தான். பொட்டாசியம் எகிறலையான்னு கேப்பீங்க, எகிறல, ஏன்னா ஆரம்பத்துலயே பொட்டாசியம் கம்மியா இருந்தவங்களத்தான் பொறுக்கி எடுத்தாங்க. இந்த கடைசி வரிய விட்டுட்டு மிச்சத்த மட்டும் ஷேர் பண்றதுதான் ஆபத்து. பொட்டாசியம் 5-க்கு மேல சுத்திக்கிட்டு இருக்கறவர், அதோட பிரஷருக்கு பொட்டாசியத்த ஏத்தற மாத்திரை எடுக்கறவர், இவங்க இந்த வழிய டயட்டீஷியன் துணை இல்லாம தொடவே கூடாது. நறுக்கி நிறைய தண்ணில வேக வெச்சு வடிச்சா பொட்டாசியம் கொஞ்சம் இறங்கும், ஆனா அந்த தண்ணியோட கார உப்பும் சேந்துதான் போகுது, அதையும் கணக்குல வெச்சுக்கணும். இன்னொண்ணு, எடை குறைஞ்சதுன்னு அந்த ஆய்வுல சொன்னது குண்டா இருக்கறவருக்கு லாபம், ஏற்கனவே ஒல்லியா தசை கரைஞ்சு இருக்கறவருக்கு அதுவே நஷ்டம்.

அடுத்தது புரோட்டீன குறைக்கறது, இங்கதான் நான் கொஞ்சம் குரல் ஏத்திப் பேசுவேன். அமிலத்தோட மூலமே புரோட்டீன்தானே, அத குறைச்சா அமிலமும் குறையும், யூரியாவும் குறையும், லாஜிக் சரிதான். சாதாரண உடம்பு புரோட்டீன் குறைஞ்சா தன்ன மாத்திக்கும், அமினோ அமிலங்கள எரிக்கறத குறைச்சுக்கும், தசை உடையறதையும் மட்டுப்படுத்திக்கும், அதனாலதான் குறைச்ச புரோட்டீன்லயும் சமாளிக்க முடியுது. அமிலம் தேங்கின உடம்பால அத பண்ண முடியாது. வரவு குறைஞ்சும் எரிக்கறது அதே வேகத்துல ஓடும், பற்றாக்குறைய தசைதான் கட்டும். ஆக அமிலத்த சரி பண்ணாம புரோட்டீன மட்டும் வெட்டறதுதான் இருக்கற வழிகள்லயே மோசமானது, துரதிர்ஷ்டவசமா வீட்ல தானா முடிவு பண்றவங்க முதல்ல பண்றதும் அதுதான். முட்டைய நிறுத்தி, பருப்ப நிறுத்தி, மீன நிறுத்தி, பயத்துல சோறும் பாதியாகி, கலோரியும் விழுந்துடும். கிலோவுக்கு 25-லேருந்து 35 கலோரி உள்ள போகலன்னா சாப்பிடற கொஞ்ச நஞ்ச புரோட்டீனும் அடுப்புக்குத்தான் போகும்.

இதுல ஒரு ஏமாத்து வேலை வேற இருக்கு. கிரியேட்டினின் தசையிலேருந்து வர்றது. தசை கரைஞ்சா கிரியேட்டினின் இறங்கும், ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டற வேகத்தோட கணக்கு) ஏறின மாதிரி ரிப்போர்ட் வரும், வீட்ல எல்லாரும் டயட் வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படுவாங்க. மூணு மாசத்துல எடை நாலு கிலோ போய் கிரியேட்டினினும் 2.4-லேருந்து 2.1 ஆச்சுன்னா கைதட்டறதுக்கு முன்னாடி சிஸ்டாட்டின் சி-ன்னு ஒரு டெஸ்ட் எடுத்து பாக்கறது நல்லது, அது தசைய அவ்வளவா சார்ந்தது இல்ல.

அப்போ எவ்வளவுதான் சாப்பிடறது? 2024 கேடிஐஜிஓ மூணாம் ஸ்டேஜ்லேருந்து டயாலிசிஸுக்கு முன்னாடி வரைக்கும் கிலோவுக்கு 0.8 கிராம்னு வெச்சுக்க சொல்லுது, கிட்னி கெடற அபாயம் இருக்கறவங்க 1.3-க்கு மேல போக வேண்டாம்னும் சொல்லுது. வயசாகி தசை போய் தளர்ந்தவங்களுக்கு இத விட கூடுதலா புரோட்டீனும் கலோரியும் யோசிக்கலாம்னு அதே கைடுலைன்ல இருக்கு, இந்த வரி நிறைய பேருக்கு போய் சேரவே இல்ல. ரொம்ப கீழ, 0.3-லேருந்து 0.4 வரைக்கும் போறதுன்னா கீட்டோ அனலாக் மாத்திரை கூடவே வேணும், அது நைட்ரஜன் இல்லாத அமினோ அமில எலும்புக்கூடு, உடம்பு தன்கிட்ட இருக்கற நைட்ரஜன ஒட்டி அமினோ அமிலமாக்கிக்கும். ருமேனியாவுல 2016-ல வந்த ஆய்வுல சைவ சாப்பாடு, 0.3 கிராம் புரோட்டீன், கீட்டோ அனலாக்னு 207 பேர பாத்தாங்க, நல்ல பலன், அமிலமும் குறைஞ்சது. ஆனா சர்க்கரை நோய் இருக்கறவங்க அதுல இல்ல, சோதிச்சு பாத்தவங்கள்ல ரொம்ப கொஞ்சம் பேர்தான் உள்ளயே வந்தாங்க, மாத்திரை எண்ணிக்கையும் ஏராளம், கால்சியம் உப்பா இருக்கறதால கால்சியம் ஏறுதான்னும் பாத்துக்கிட்டே இருக்கணும். சமையல அளந்து சமைக்க வீட்ல ஆள், மாசா மாசம் பாக்க டயட்டீஷியன், ரெண்டும் இருந்தா யோசிக்கலாம். இல்லன்னா 0.8-ஓட நிறுத்தி அதுல பாதிக்கு மேல தாவர புரோட்டீனா மாத்திக்கிட்டாலே அமிலச் சுமை கணிசமா இறங்கிடும்.

மத்த மருந்துகள வேகமா சொல்லிடறேன். சோடியம் சிட்ரேட் சிரப், பைகார்பனேட்டுக்கு பதிலா எடுக்கலாம், கல்லீரல்ல போய் பைகார்பனேட்டா மாறும், வயித்துல கேஸ் உண்டாக்காது, ஆனா அலுமினியம் இருக்கற ஆன்டாசிடோட சேத்து எடுத்தா அலுமினியம் அதிகமா உறிஞ்சிடும், அது கிட்னிக்காரங்களுக்கு விஷம். வெவரிமர்னு சோடியமே இல்லாம வயித்துல அமிலத்த பிடிக்கற ஒரு மருந்துக்கு பெரிய எதிர்பார்ப்பு இருந்துச்சு, 1480 பேர் ஆய்வுல கிட்னி கெடறத அது தடுக்கல, அதோட அந்த பேச்சு அடங்கிடுச்சு. பாஸ்பேட் இறக்க செவலமர் எடுக்கறவங்க அட்டையில ஹைட்ரோகுளோரைடா கார்பனேட்டான்னு ஒரு தடவை பாருங்க, ஹைட்ரோகுளோரைடு வகை அமிலத்த கூட்டும், கார்பனேட் வகை அப்படி இல்ல. புது மாத்திரை சேக்கறதுக்கு முன்னாடி இருக்கறத மாத்தினாலே சில சமயம் வேலை முடியும்.

டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டா கணக்கு அப்படியே தலைகீழ். ஹீமோடயாலிசிஸ்ல (மெஷின்ல ரத்தத்த சுத்தம் பண்றது) ஒவ்வொரு தடவையும் 6-லேருந்து 12 கிராம் அமினோ அமிலம் வெளிய போயிடும், வயித்து வழி டயாலிசிஸ்ல தினம் 5-லேருந்து 15 கிராம் புரோட்டீன் போகும், அதனால இலக்கு கிலோவுக்கு 1.0-லேருந்து 1.2. பழைய பத்தியத்தையே பிடிச்சுக்கிட்டு 0.6-ல இருக்கறவங்க இங்கதான் வேகமா உருகிப்போறாங்க. அமிலத்துக்கு மாத்திரைய விட டயாலிசிஸ் திரவத்தோட பைகார்பனேட் அளவ டாக்டர் சரி பண்றதுதான் நேர் வழி. வயித்து வழி டயாலிசிஸ்ல கார அளவு கூடுதலா இருந்த திரவம் வாங்கினவங்களுக்கு எடையும் கைச்சுற்றளவும் நல்லா ஏறினதா 1997-லயே ஆய்வு வந்திருக்கு.

எந்த வழிய எடுத்தாலும் கூட சேக்க வேண்டியது பளு தூக்கற பயிற்சி. 2001-ல அமெரிக்காவுல வந்த ஒரு சின்ன ஆய்வு, 26 பேர், எல்லாரும் 0.6 கிராம் அளவுக்கு குறைஞ்ச புரோட்டீன்ல இருந்தவங்க. 12 வாரம், வாரத்துக்கு மூணு நாள் பளு பயிற்சி பண்ணினவங்களுக்கு அந்த சாப்பாட்டுலயே தசை நார் தடிச்சுச்சு, பலம் கூடிச்சு. மாத்திரை உடைக்கற பக்கத்த பாத்துக்கும், கட்ட சொல்லி தசைக்கு சொல்றது இந்த வேலைதான். நடந்தா போதாதான்னா, நடை இதயத்துக்கு நல்லது, தொடைக்கு எடை வேணும்.

ஆள வெச்சு சொன்னா, பொட்டாசியம் கட்டுப்பாட்டுல, எடை கொஞ்சம் கூடுதலா, பைகார்பனேட் 20-22ன்னா நான் காய்கறி-பழத்துல ஆரம்பிக்கறதத்தான் விரும்புவேன். பொட்டாசியம் 5.5, பைகார்பனேட் 17ன்னா மாத்திரைதான், விவாதமே இல்ல. ஹார்ட் ஃபெயிலியரும் கால் வீக்கமும் இருந்தா மாத்திரை அளவு கம்மி, சாப்பாட்டுல இறைச்சி-சீஸ் பக்கத்த குறைச்சு தாவர பக்கம் போறது கூடுதல். எழுபது தாண்டி ஒல்லியா, நாற்காலிலேருந்து கை ஊணாம எழ முடியாதவருக்கு புரோட்டீன வெட்டற பேச்சையே எடுக்காதீங்க, முதல்ல கலோரி, அப்புறம் பயிற்சி, பைகார்பனேட் நிஜமாவே கீழ இருந்தா மட்டும் மாத்திரை. புரோட்டீன் குறைக்கணும்னு யாராவது சொன்னா அன்னிக்கு பைகார்பனேட் எவ்வளவுன்னு கேட்டுட்டு அப்புறம் குறைங்க.

ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒரு மாசத்துக்குள்ள பைகார்பனேட், பொட்டாசியம், எடை, கால் வீக்கம் நாலையும் பாத்துடணும். 26 தாண்டி ஏத்தறதுல லாபம் எதுவும் தெரியல, ரொம்ப மேல இருந்தவங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் கூடுதலா காணப்பட்டிருக்கு. லேப்ல ரத்தம் எடுக்கற டியூப அரைகுறையா நிரப்பி வெச்சாலோ திறந்து நேரம் கழிச்சு ஓட்டினாலோ பைகார்பனேட் நிஜத்த விட கம்மியா வரும், அதனால திடீர்னு நாலு பாயின்ட் விழுந்தா மாத்திரைய ஏத்தறதுக்கு முன்னாடி டெஸ்ட்ட மறுபடி எடுங்க. தசைக்கு வீட்லயே ஒரு அளவு: கைய மார்புல கட்டிக்கிட்டு நாற்காலிலேருந்து அஞ்சு தடவை எழுந்து உக்காருங்க, பக்கத்துல ஒருத்தர் நின்னு செல்போன்ல நேரம் பாக்கட்டும், ஆசிய சார்கோபீனியா (வயசுல தசை கரையறது) குழு 12 நொடியத்தான் எல்லையா வெச்சிருக்கு, அதுக்கு மேல போனா அந்த நம்பர பைகார்பனேட் ரிப்போர்ட்டோட சேத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.